தேய்த்த இடம்

தெரியாதவர் தவறினால் அறியாமை என்று சொல்லி விட்டுவிடுகிறோம். தெரிந்தவர், தெரிந்திருந்த காரணத்தாலேயே தவறினால் அதற்கு என்ன பெயர்? கனகலட்சுமியின் வாழ்க்கை இந்தக் கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருந்ததாகத் தோன்றுகிறது. அவளோ அதை ஒரு கேள்வியாக யாரிடமும் சொன்னதில்லை. கேள்விகளோடு உட்கார்ந்திருக்க அவளுக்கு நேரமும் இருந்ததில்லை.

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி போகும் சாலையில், வீடுகள் முடிந்து கருவேலங்காடு தொடங்குகிற இடத்தில் மாதவன் அண்ணாச்சியின் பழைய இரும்புக் கடை இருக்கிறது. கடை என்று பெயரே தவிர, ஒன்றரை ஏக்கர் பொட்டல். மூடிய மில்லின் குழாய்கள், சாயப்பட்டறைத் தொட்டிகள், தண்ணீர்க் குழாய்த் திருகுகள், பாத்திரங்கள் எல்லாம் அங்கே மலை மலையாகக் கிடக்கும். கனகலட்சுமிக்கு முப்பத்தாறு வயது. இயற்பியல் பட்டம் வாங்கிவிட்டு, பஞ்சு மில்லில் ஏழு வருடம் நூலின் தரம் பார்த்தவள். மில் ஆட்குறைப்பு செய்தபோது அண்ணாச்சியிடம் வந்து சேர்ந்தாள். வந்த புதிதில்தான் அண்ணாச்சி உலோகத்தை இனம் காட்டும் ஒரு லேசர் துப்பாக்கியை வாங்கியிருந்தார். ஒரு நல்ல காரின் விலை. அதைத் தொடக் கடை ஆண்கள் எல்லோரும் பயந்ததால் அது இவள் கைக்கு வந்தது.

துப்பாக்கியின் வேலை எளிது. உலோகத்தின் மேல் மூக்கை வைத்து விசையை அழுத்தினால், லேசர் ஊசிமுனை அளவு இடத்தைத் தாக்கும். அந்த ஊசிமுனை ஒரு கணம் தீயாகிச் சுடர்விட்டு அடங்கும். அந்தச் சுடரின் ஒளியைத் துப்பாக்கி நிறம் நிறமாகப் பிரித்துப் பார்க்கும். செம்புக்கென்று சில நிறக்கோடுகள், நிக்கலுக்கென்று சில, காரீயத்துக்கென்று சில. எந்தத் தனிமத்தின் கோடு எவ்வளவு பிரகாசமாக இருக்கிறதோ, அது அந்த அளவுக்கு இருக்கிறது என்று திரையில் எண் வரும். சுட்ட இடத்தில் எறும்பு கடித்தது போல் ஒரு கரும்புள்ளி மிஞ்சும்.

எளிய வேலைதான். ஆனால் அது மேல்தோலை மட்டுமே பார்க்கும். வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது மாதத்தில், பளபளவென்று இருந்த குழாய்த் திருகுகள் ஒரு லோடு வந்தன. கனகலட்சுமி அப்படியே சுட்டாள். குரோமியம், நிக்கல் என்று திரை சொன்னது. எவர்சில்வர் என்று எழுதிக் கொடுத்துவிட்டாள். லாரி கோயம்புத்தூர் வரை போய்த் திரும்பி வந்தது. மேலே இருந்தது முலாம். உள்ளே இருந்தது மட்டமான துத்தநாகக் கலவை.

"ஏம்மா, சீலையைப் பாத்துப் பொண்ணு எடுத்துட்டியே," என்றார் அண்ணாச்சி.

அவர் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அவள் மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. இயல்பிலேயே பூட்டிய பூட்டை நான்கு தரம் இழுத்துப் பார்க்கிறவள். அன்றிலிருந்து கை கிரைண்டரை இடுப்புப் பக்கமே வைத்துக்கொண்டாள். எது வந்தாலும் பத்து ரூபாய்க் காசு அகலத்துக்குத் தேய்த்து, முலாமோ பெயிண்டோ துருவோ போய் உள்உலோகம் தெரிந்த பிறகுதான் சுடுவாள். அதுவும் மூன்று தரம். புதிதாக வருகிற ஆட்களுக்கும் அவள் சொல்லித்தந்த ஒரே பாடம் அதுதான்: தேய்க்காமல் சுடாதே. நான்கு வருடத்தில் ஒரு லாரிகூடத் திரும்பி வரவில்லை.

அவளுடைய அக்கா ரேணுகாதேவி எம்.ரெட்டியபட்டிக்குத் தெற்கே ஒரு சிற்றூரில் வாழ்க்கைப்பட்டவள். கணவர் தங்கபாண்டிக்குப் பருத்தியும் கம்பும் விளைகிற ஆறு ஏக்கர் மானாவாரி நிலம். ஒரே மகள் சுவாதி, ஆறு வயது. வாய் ஓயாத பிள்ளை. சித்திரையில் அந்த வாய் ஓய்ந்துபோனது. வயிறு வலிக்கிறது என்று சுருண்டு படுத்தாள். முகம் வெளுத்தது. ஒன்றாம் வகுப்பில் படித்த எழுத்துகளில் பாதியைக் காணோம். திருச்சுழியில் பூச்சி மருந்து கொடுத்தார்கள். அருப்புக்கோட்டையில் இரும்புச்சத்து டானிக் கொடுத்தார்கள். மதுரையில் ஒரு குழந்தை மருத்துவர்தான் இரத்தத்தில் காரீயம் என்கிற நச்சு உலோகம் எவ்வளவு என்று பார்க்கச் சொன்னார். முப்பத்தெட்டு என்று வந்தது. ஐந்தைத் தாண்டினாலே கவலைப்பட வேண்டிய எண் அது.

"மருந்து அப்புறம். முதல்ல இது எங்கிருந்து உள்ள போகுதுன்னு கண்டுபிடிங்க. அதை நிறுத்தாம எதைக் குடுத்தும் பிரயோஜனம் இல்லை," என்றார் மருத்துவர்.

அன்று மாலையே ரேணுகாதேவி தங்கைக்குப் போன் செய்தாள். "கனகு, உங்க கடையில இருக்கிற அந்தத் துப்பாக்கி காரீயத்தைக் காட்டுமாடி?"

"காட்டும்க்கா. ஞாயித்துக்கெழம வாரேன்."

அண்ணாச்சி துப்பாக்கியைப் பெட்டியோடு தூக்கிக் கொடுத்தார். "பிள்ளைக்குன்னு கேக்குற, இல்லேன்னு சொல்ல முடியுமா? ஆனா கல்யாண வீட்டுக்கு நகை இரவல் குடுத்தவன் மாதிரி நான் அன்னைக்கு முழுக்கச் சோறு திங்க மாட்டேன், பாத்துக்க."

அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் அக்கா வீட்டில் எதையும் விடவில்லை. மஞ்சள்பொடியையும் மிளகாய்ப்பொடியையும் வில்லையாக அழுத்திச் சுட்டாள். சிலேட்டு, பொம்மை, கொலுசு, குடம், கதவு, தண்ணீர்க் குழாய் எல்லாம் சுட்டாள். சுவாதி சுருண்டு படுக்கிற பழைய இரும்புக் கட்டிலில் உரிந்து தொங்கிய பச்சைப் பெயிண்டைச் சுட்டபோது திரையில் காரீயம் வந்தது. அதிகமாக இல்லை, ஆனால் வந்தது. ரேணுகாதேவி அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டாள். தங்கபாண்டி கட்டிலைத் தூக்கிக்கொண்டுபோய்க் கண்மாய்க் கரைக்கு அப்பால் போட்டுவிட்டு வந்தார்.

கடைசியாக அடுப்படியில் பித்தளைக் குண்டான் ஒன்று இருந்தது. ரேணுகாதேவியின் கல்யாணச் சீர். பன்னிரண்டு வருடம் பரணில் கிடந்தது. பித்தளையில் சமைத்தால் உடம்புக்கு நல்லது என்று போனில் யாரோ பேசியதைக் கேட்டு, மாசி மாதத்தில் அவள் அதை இறக்கினாள். மொபெட்டில் வந்து பூசிக் கொடுக்கிற காளிராஜிடம் உள்பக்கம் ஈயம் பூசி வாங்கினாள். பித்தளையில் புளிப்பு பட்டால் களிம்பேறும் என்பதால் இந்தப் பக்கத்தில் உள்ளே, காரீயம் போல விஷமில்லாத வெள்ளீயம் பூசுவது வழக்கம். அன்றிலிருந்து கம்மங்கூழை அதில்தான் கரைத்துப் புளிக்க வைத்தாள். சுவாதிக்குக் காலையில் கூழ், பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் கூழ்.

கனகலட்சுமி குண்டானைக் கவிழ்த்தாள், நிமிர்த்தினாள். கிரைண்டரை எடுத்தாள். உள்பக்கம் அடியில் பத்து ரூபாய்க் காசு அகலத்துக்கு நன்றாகத் தேய்த்தாள். வெள்ளைப் பளபளப்பு தூளாகப் பறந்தது. மஞ்சள் தெரிந்தது. மூன்று தரம் சுட்டாள். செம்பு, துத்தநாகம், இரண்டு சதவீதத்துக்குக் கொஞ்சம் குறைவாகக் காரீயம். கடைக்கு வருகிற பித்தளையில் பாதி அப்படித்தான் இருக்கும்.

"என்னடி சொல்லுது?"

"சாதாரணப் பித்தளைதான்க்கா. மேல வெள்ளீயம் பூசியிருக்கு, கூழு பித்தளையில படாது. இதுல ஒண்ணுமில்ல."

"அப்ப கட்டில்தான்?"

"கட்டிலாத்தான் இருக்கணும்," என்றாள் கனகலட்சுமி.

ஒரு மாதம் கழித்து மறுபடி இரத்தம் பார்க்கச் சொல்லியிருந்தார்கள். அந்த மாதம் முழுக்க அவள் அக்காவுக்குத் தினமும் போன் செய்தாள். வயிற்று வலி குறைந்ததா? சாப்பிடுகிறாளா? "இன்னைக்குப் பரவாயில்லடி" என்று அக்கா சொன்னால் அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு வேலை பார்ப்பாள். ஆனால் பிள்ளை பரவாயில்லாமல் இல்லை. மதுரையில் எண் நாற்பத்தாறு என்று வந்தது. கட்டில் போய்விட்டது, எண் ஏறிவிட்டது. உடனே வந்து படுக்கையில் சேர்த்து மருந்து ஏற்ற வேண்டும், வியாழக்கிழமைக்கு இடம் வாங்கியிருக்கிறோம் என்று மருத்துவமனையில் சொன்னார்கள்.

இது நடந்தது செவ்வாய்க்கிழமை. புதன்கிழமை நண்பகல் கனகலட்சுமி கடையில் ஒரு மூட்டைக் குழாய்த் திருகுகளைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். முலாம் வெள்ளைத் தூளாகப் பறந்து அவள் முன்கையில் படிந்தது. ஊதித் தள்ளினாள். தள்ளியவள் கிரைண்டரை நிறுத்தினாள். சக்கரம் சுற்றி அடங்கும் வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடையில் முலாம் குப்பை, உள்ளே இருப்பதுதான் பொருள். குண்டானில் அப்படி இல்லை. கூழ் தொடுவது பூச்சை. அவள் தேட வேண்டியிருந்ததும் பூச்சைத்தான். அதைத்தான் சுத்தமாகத் தேய்த்து, ஊதி, அடுப்படிக்கு வெளியே தள்ளிவிட்டு, அதற்குக் கீழே இருந்ததைச் சுட்டுவிட்டு ஒன்றுமில்லை என்று சொல்லியிருந்தாள். பூசியது வெள்ளீயம் என்று அவளுக்கு யார் சொன்னது? கண் சொன்னது.

அக்காவுக்குப் போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மானாவாரிக் காட்டில் வேலையாக இருப்பாள், போன் வீட்டில் கிடக்கும். மணி பன்னிரண்டரை. பிள்ளைக்கு உடம்பு முடியவில்லை என்று மதியமே கூட்டி வந்துவிடுவார்கள். மச்சான் தங்கபாண்டிக்கு அடித்தாள். நான்காவது தரம் எடுத்தார்.

"மச்சான், அந்தப் பித்தளைக் குண்டான்ல இருக்கிற எதையும் பிள்ளைக்குக் குடுக்காதீக."

"ஏன்? நீதான நல்லாயிருக்குன்னு சொன்ன?"

"இப்பக் குடுக்காதீக மச்சான். நான் வந்துக்கிட்டே இருக்கேன்."

"இப்பத்தான் ஒரு சொம்பு குடிச்சிட்டுப் படுத்தா."

அவள் போனை வைத்துவிட்டு எழுந்தாள். அண்ணாச்சி அவள் முகத்தைப் பார்த்தார், துப்பாக்கிப் பெட்டியை அவள் கையில் வைத்தார். பஸ்ஸுக்கு நாற்பது நிமிடம் இருந்தது. ஷேர் ஆட்டோவில் ஏறினாள். ஆள் சேரும் வரை ஆட்டோக்காரர் கிளம்பவில்லை. ஆறு பேர் சீட்டுக்கும் நானே தருகிறேன் என்று அவள் சொன்னபோது அவர் திரும்பிப் பார்த்தார். "வீட்டுல யாருக்கும் முடியலையாக்கா?" என்று கேட்டுவிட்டு வண்டியை எடுத்தார்.

அந்தத் துப்பாக்கி ஒவ்வொரு முறையும் முதலில் சில தரம் தானாகச் சுட்டு அழுக்கை எரித்துவிட்டுத்தான் அளக்கும். ஆட்டோவிலேயே அவள் அந்த ஏற்பாட்டை நிறுத்திவைத்தாள். அக்கா வீட்டு அடுப்படியில் குண்டானைக் கழுவித் துடைத்தாள். தேய்க்கவில்லை. ஒரே ஒரு தரம் சுட்டாள். வெள்ளீயத்தின் கோடுகளுக்குப் பக்கத்தில் காரீயத்தின் கோடுகள் நெட்டுக்குத்தாக நின்றன. பித்தளைக்காக ஏற்பட்ட கருவி பூச்சுக்குச் சரியான எண் சொல்லாது என்று அவளுக்குத் தெரியும். எண் தேவைப்படவில்லை. அதே புள்ளியில் மேலும் மேலும் சுட்டாள். ஒவ்வொரு தரமும் கொஞ்சம் ஆழம் இறங்கும். பத்துப் பன்னிரண்டு தரத்துக்குப் பிறகு காரீயம் சுருங்கி, செம்பு எழுந்தது. மேலே இருந்ததுதான் விஷம்.

"நீ தேச்ச இடத்துல மஞ்சளாத் தெரிஞ்சிச்சு. அடுத்த வாரமே அந்தக் காளிராஜ் வந்தான், அந்த எடத்துல மட்டும் திரும்பப் பூசச் சொன்னேன்," என்றார் தங்கபாண்டி. சொல்லும்போதே அவருக்கு முகம் மாறியது. "அடப்பாவி. அந்தத் தடவைதான் எதையோ கலந்திருக்கான்!"

காட்டிலிருந்து ஓடிவந்த ரேணுகாதேவி அதைப் பிடித்துக்கொண்டாள். "அப்பச் சரியாத்தான் இருக்கு. மொதல்ல கட்டில். அதைத் தூக்கிப் போட்டோம். பொறவு இவன் பூசின பூச்சு. அதான் ஏறிருச்சு. நல்லவேளை, இன்னைக்காச்சும் உனக்குத் தோணுச்சே கனகு!"

கனகலட்சுமி சுட்டது அந்தப் புதிய பூச்சில் இல்லை. அது குண்டானின் அடியில் இருந்தது. அவள் சுட்டது பக்கச்சுவரில், மாசி மாதத்துப் பழைய பூச்சில். வாயைத் திறந்தாள். உள்ளே சுவாதி வாந்தி எடுக்கிற சத்தம் கேட்டது. மூவரும் உள்ளே ஓடினார்கள். அந்தப் பேச்சு அத்துடன் நின்றுவிட்டது.

மதுரையில் ஐந்து நாள் மருந்து ஏற்றினார்கள். கனகலட்சுமி உடனிருந்தாள். மருத்துவரிடம் தனியாக ஒன்று கேட்டாள். ஒரு மாதம் கூடுதலாக உள்ளே போனதால் பிள்ளைக்கு என்ன ஆகியிருக்கும்?

"அதை இப்ப யாரும் சொல்ல முடியாதும்மா. படிப்புல, கவனத்துல ஏதாவது தெரியலாம், தெரியாமலும் போகலாம். வளர வளரப் பாக்கணும்," என்றார் அவர்.

காளிராஜைத் தங்கபாண்டி அடிக்கப் போனதாகச் சொன்னார்கள். அடுத்த வாரம் காளிராஜ் ஒரு சோற்றுப் பானையைச் சாக்கில் சுற்றிக்கொண்டு கடைக்கே வந்து நின்றார். தாடி மண்டிக் கிடந்தது.

"தாயி, வெள்ளீயம் வெல ஏறிப்போச்சு. மதுரையில ஒருத்தன் ஈயக் கட்டி மலிவாக் குடுத்தான். பளபளன்னு ஒட்டுச்சு. நல்ல சரக்குன்னுதான் நெனச்சேன். எங்க வீட்டுலயும் அதைத்தான் பூசியிருக்கேன். இதைக் கொஞ்சம் சுட்டுப் பாக்கிறீகளா?"

அவள் சுட்டாள். அதிலும் இருந்தது. அவர் பானையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்க அக்கா வீட்டுக்கு ரெண்டு தடவையும் ஒரே கட்டிதான் தாயி. அவுக என்னமோ ரெண்டாந்தடவ கலந்தேன்னு சொல்றாக. எனக்குக் கலக்கவெல்லாம் தெரியாது."

"எந்தெந்த வீட்டுக்குப் பூசுனீக? சொல்லுங்க," என்றாள் கனகலட்சுமி.

அடுத்த இரண்டு ஞாயிறும் பதினேழு வீடுகளுக்குப் போனாள். யார் வீட்டிலும் கிரைண்டரை வெளியே எடுக்கவில்லை. பதினான்கு வீட்டுப் பாத்திரங்கள் அடுப்படியை விட்டுப் போயின. இதைப் பெரிய தொண்டு என்று பேசுகிறவர்கள் ஊரில் இருக்கிறார்கள். தன் வீட்டுக் கூரையில் பிடித்த தீயை அணைத்தவன் பக்கத்து வீட்டுக்கும் தண்ணீர் ஊற்றுவது போலத்தான் அது. செய்யாமலிருந்தால்தான் பேச வேண்டும்.

சுவாதியின் எண் முப்பத்தொன்று ஆனது, பிறகு பத்தொன்பது. வாய் திரும்பி வந்தது. "சித்தி, உன் துப்பாக்கிய என் வயித்துல வச்சுச் சுட்டா உள்ள என்ன இருக்குன்னு சொல்லுமா?" என்று கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். முதல் முப்பத்தெட்டு எங்கிருந்து வந்தது, கட்டில் பெயிண்டா அவ்வளவு செய்யும் என்று யாரும் கேட்கவில்லை. நிம்மதி வந்த வீட்டில் பழைய எண்களை யாரும் கூட்டிப் பார்ப்பதில்லை. கனகலட்சுமி மட்டும் கூட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிள்ளை ஒரு சொல்லைத் தேடித் தடுமாறினால், எல்லாப் பிள்ளைகளும் இப்படித்தானா, இல்லை அந்த ஒரு மாதமா என்று அவள் தனக்குள் கேட்டுக்கொள்வாள்.

ஆவணியில் ரேணுகாதேவி புதுப் பாத்திரம் எடுக்க அருப்புக்கோட்டைக்கு வந்தாள். தங்கையும் மகளும் கூட வந்தார்கள். எவர்சில்வரில் நல்ல கனமான ஒரு குண்டானைத் தட்டித் தட்டிப் பார்த்து எடுத்தாள். அந்தக் கடையில் பேர் வெட்டுகிறவர் கல்லாவுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். குண்டானை மடியில் வாங்கி, கருவியை ஓட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"என்ன பேரு போடணும்?"

"கனகலட்சுமின்னு போடுங்கண்ணே," என்றாள் ரேணுகாதேவி.

"ஐயோ, உம் பேரப் போடாம எம் பேர எதுக்குக்கா?" கனகலட்சுமி சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது.

"இருக்கட்டும்டி. பிள்ளை இருக்கிறதே உன்னாலதான். தெனமும் சோறாக்கும்போது உம் பேரு கண்ணுல படட்டும். நீங்க போடுங்கண்ணே."

கருவி 'ட்ர்ர்ர்' என்று தொடங்கியது. க என்ற எழுத்தின் பாதி விளிம்பில் விழுந்துவிட்டது.

"நிறுத்துங்கண்ணே," என்றாள் கனகலட்சுமி. அவள் குரல் கடை முழுக்கக் கேட்டது. தட்டு பார்த்துக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் திரும்பினார்கள். அவள் அக்காவைப் பார்த்துச் சொன்னாள். "ரெண்டாந்தடவ பூசினதுல இல்லக்கா. மாசியில பூசினதுலயே இருந்துச்சு. அன்னைக்கு நான் அதைத் தேச்சு எறிஞ்சிட்டுக் கீழ இருந்ததைச் சுட்டேன். ஒண்ணுமில்லன்னு நான் சொன்னதுனாலதான் இன்னும் ஒரு மாசம் குடிச்சா."

ரேணுகாதேவிக்கு அது விளங்கச் சிறிது நேரம் ஆனது. விளங்கியபோது அவள் சுவாதியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"இது உனக்கு எப்பத் தெரியும்?"

"ரெண்டாவதா வந்து குண்டானைச் சுட்ட அன்னைக்கே தெரியும்."

"மூணு மாசம். ஆஸ்பத்திரியில எம் பக்கத்துலயே உக்காந்திருந்த. அங்க சொல்லல. வீட்டுல சொல்லல. நான் மறந்து, சிரிச்சு, உனக்குப் பேரு வெட்ட வந்த எடத்துல, இத்தன பேருக்கு முன்னால ஏன்டி சொல்ற?"

கனகலட்சுமி குண்டான் விளிம்பில் விழுந்திருந்த பாதி எழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பேர் வெட்டுகிறவர் கருவியைக் கீழே வைத்துவிட்டு, "வேற பேரு போடவாம்மா, இதோட விட்டுரவா?" என்று தயங்கிக் கேட்டார்.

அக்காவும் தங்கையும் தை மாதம் வரை பேசிக்கொள்ளவில்லை. பேசத் தொடங்கிய பிறகு ரேணுகாதேவி அதே கேள்வியை, கோபமில்லாமல், வேறு வேறு விதமாகக் கேட்டுப் பார்த்திருக்கிறாள். அண்ணாச்சியும் கேட்டார். ஆஸ்பத்திரியில் சொல்லியிருக்கலாம், சொல்லாமலே இருந்திருக்கலாம். அந்தக் கல்லாவுக்கு முன்னால், எழுத்து பாதி விழுந்திருந்தபோது சொல்வது என்று அவள் முடிவெடுத்தாள். ஏன் என்று இன்றுவரை யாரிடமும் சொல்லவில்லை.